பழைய லேப்டாப்: சர்வீஸ் சென்டரா, ரிச்சி தெருவா, நம் வீட்டு மேசையா?

பத்து வருஷம் உழைத்த லேப்டாப் ஒரு நாள் பவர் பட்டனை அழுத்தினாலும் அசையாமல் கிடக்கிறது. சென்னையில் இருப்பவருக்கு அப்போது மூன்று வழி இருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகலாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுக்கலாம். இல்லையென்றால் வீட்டு மேசையில் திறந்து வைத்துக்கொண்டு, பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஆர்வலர்களிடம் இணையத்தில் கேட்டுக் கேட்டு நாமே பார்க்கலாம். "தலையைச் சுத்தித் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு" என்று வீட்டில் சொல்வது நாலாவது வழி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எது மலிவு என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. பழுதைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதைச் சரிசெய்வது இன்னொரு வேலை. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே இடத்தில் ஒப்படைப்பதால்தான் நிறையப் பேருக்குப் பணம் கரைகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சர்வீஸ் சென்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரண்டி இருந்தால் அங்கேதான் போக வேண்டும், யோசிக்கவே வேண்டாம். வாரண்டி முடிந்து வருஷக்கணக்கான மெஷின் என்றால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "போர்டு மாத்தணும் சார், ஆனா இந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றது இல்ல" என்பதுதான். கவுன்டரில் இருக்கும் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே வேலை நடக்கும் முறையே அப்படி. போர்டில், அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டில், ஒரு சின்ன பாகம் செத்தாலும் முழு போர்டையும் மாற்றுவார்கள். பழுதை நீக்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஒரு இணைய வாசலைத் திறந்தது. நல்ல தொடக்கம்தான், ஆனால் தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கு அதனால் போர்டு வந்துவிடாது. இதில் லெனோவோவின் திங்க்பேடு லேப்டாப் வரிசைக்கு ஒரு பாராட்டு சொல்லியாக வேண்டும். எந்த ஸ்க்ரூ எங்கே, எந்த வரிசையில் கழற்றுவது என்று படத்தோடு காட்டும் பராமரிப்புக் கையேட்டை லெனோவோ யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. பழைய லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் முதலில் அந்த மாடலுக்கு இப்படி ஒரு கையேடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ரிச்சி தெரு வேறு உலகம். மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். பக்கத்திலேயே நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு. மாடிப்படி ஏறினால் 'சிப் லெவல் சர்வீஸ்' (முழு போர்டையும் மாற்றாமல் அதிலுள்ள சின்னப் பாகங்களைச் சரிசெய்வது) என்று பெயர்ப்பலகை மாட்டிய குட்டிக் குட்டி அறைகள். உள்ளே ஒரு மைக்ரோஸ்கோப், சூடான காற்றால் பாகங்களைக் கழற்றும் ஹாட் ஏர், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் பவர் சப்ளை, மூலையில் செத்த போர்டுகளின் குவியல். சர்வீஸ் சென்டர் கைவிட்டதை இங்கே எடுத்து ஓட வைக்கிறார்கள். இந்த ஊர் லேப்டாப்புகள் பலவற்றுக்கு இரண்டாவது ஆயுள் இங்கேதான் கிடைக்கிறது.

ஆனால் "ஆன் ஆகல, பாருங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவது சரியில்லை. என்ன பழுது என்று நமக்குத் தெரியாவிட்டால், என்ன செய்தார்கள் என்பதும் தெரியாது. கிராபிக்ஸ் சிப்பைச் சூடுகாட்டி உயிர்ப்பித்துத் தருவது ஒரு பழைய வழக்கம். அது கொஞ்ச நாள் ஓடும், பிறகு மறுபடி படுத்துக்கொள்ளும். பேட்டரியிலும் ஜாக்கிரதை. ஒரிஜினல் ஸ்டிக்கருக்குள் என்ன செல் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது.

இனி வீட்டு மேசைக்கு வருவோம். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனி நியாயம் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், முன்னால் ஒரு லேப்டாப்பைத் தொட்டே பார்க்காத வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அவற்றில் பல இன்றும் பீரோவுக்கு மேலே தூசி படிந்து கிடக்கின்றன. அப்படி ஒன்று என் அக்கா வீட்டிலிருந்து என்னிடம் வந்தது. சார்ஜரைச் செருகினால் விளக்கு ஒரு கணம் மின்னும், உடனே அணைந்துவிடும்.

இணையத்தில் ஆர்வலர்களிடம் படத்தோடு கேட்டேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வரிசையாகத் திருப்பிக் கேட்டார்: "பேட்டரியைக் கழட்டிட்டுப் பார்த்தீங்களா? அடாப்டர் முனையில எவ்வளவு வோல்ட் காட்டுதுங்க? விளக்கு அணையறப்போ அடாப்டர் விளக்கும் சேர்ந்து அணையுதுங்களா?" மல்டிமீட்டர் 19 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. அடாப்டர் நல்லா இருக்கிறது. ஆனால் லேப்டாப்பில் செருகினால் அதன் விளக்கும் அணைகிறது. உள்ளே எங்கோ ஷார்ட், அதாவது மின்சாரம் குறுக்கு வழியில் பாய்கிறது என்று அர்த்தம், அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

அடுத்து போர்டின் எண்ணைக் கேட்டார். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் சொன்னால் போதாது, போர்டிலேயே அச்சடித்திருக்கும் எண் வேண்டும். அதை வைத்துத்தான் சர்க்யூட் படம் தேட முடியும். எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு, சார்ஜர் செருகும் இடத்துக்கு அருகில் உள்ள இரண்டு மாஸ்ஃபெட்டுகளின் (மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் செய்யும் சின்ன ஸ்விட்ச்சுகள்) இருபுறமும் ரெசிஸ்டன்ஸ் பார்க்கச் சொன்னார். முதல் பக்கம் சரி. அதைத் தாண்டிய பக்கம் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். "மெயின் ரெயில், அதான் போர்டு முழுக்கப் போற முக்கிய மின் லைன், ஷார்ட்டுங்க. இதுக்கு மேல நீங்க கை வைக்காதீங்க அண்ணா. ரிச்சி தெருவுல இதை மட்டும் சொல்லிக் கொடுங்க, அவங்க கண்டுபிடிச்சிருவாங்க."

ஹார்டு டிஸ்க்கையும் ராமையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். "பத்தொன்பது வோல்ட் லைன்ல ஷார்ட் அண்ணே, மாஸ்ஃபெட் தாண்டி" என்றதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு பேச்சே வேறு மாதிரி ஆனது. போர்டை மேசையில் வைத்து, அந்த லைனில் ஒரு வோல்ட் அளவுக்கு மட்டும் கொடுத்து, மேலே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். போர்டு முழுக்க ஈரமாகப் பளபளத்தது. ஷார்ட்டான பாகம்தான் சூடாகும் என்பதால், ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஈரம் வட்டமாகக் காய்ந்தது. நடுவில் கடுகளவு பழுப்பு நிறக் கப்பாசிட்டர். ஹாட் ஏரில் அதை எடுத்தார், மீட்டரை வைத்தார், ஷார்ட் போய்விட்டது. செத்த போர்டு ஒன்றிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்துப் பொருத்தினார். எல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

ஆக, ஆர்வலர்களும் ரிச்சி தெருவும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நான் நினைக்கவில்லை. கண்டுபிடிக்கும் பொறுமை ஆர்வலர்களிடம் இருக்கிறது. நம் மெஷினுக்காக ஒரு மணி நேரம் சர்க்யூட் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, வாடகை கொடுக்கும் கடைக்காரரால் முடியாது. ஹாட் ஏரைப் பிடிக்கும் கை கடைக்காரருடையது.

சால்டரிங் தேவைப்படாத வேலை என்றால் வீட்டு மேசையை அடித்துக்கொள்ள ஆளில்லை. திரை இருட்டாக இருந்தால் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட், மதர்போர்டு இல்லை. திருவான்மியூர், ராயபுரம் என்று கடல் காற்று படும் வீடுகளில் ராமின் கால்களில் படியும் கறையே பல நேரம் முழுப் பிரச்சினையும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி செருகினால் போதும். தேதி அடிக்கடி மாறினால் காரணம் போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி. சூடாகி அணைந்தால் ஃபேனில் தூசி, இல்லையென்றால் பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். ராம் வாங்கும்போது மட்டும் டிடிஆர்3-யா, டிடிஆர்3எல்-லா என்று பார்த்து வாங்குங்கள். 1.35 வோல்ட் (டிடிஆர்3எல்) கேட்கும் மெஷின் 1.5 வோல்ட் (டிடிஆர்3) ராமில் ஓடாமல் போகலாம். பேட்டரி உப்பியிருந்தால் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள்.

ஆர்வலர் வழியில் குறையும் உண்டு. பதில் இன்றைக்கும் வரலாம், அடுத்த வாரமும் வரலாம். நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். போர்டை அடுப்பில் வைத்துச் சூடாக்கு என்பவரும் அதில் இருப்பார். நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது: தீர்வு சொல்வதற்கு முன் நம்மிடம் கேள்வி கேட்பவரை நம்பலாம். தண்ணீரில் நனைந்த லேப்டாப்புக்கு இந்த வழி ஆகாது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நனைந்தவற்றை அரிசியில் புதைத்தும் வெயிலில் காயவைத்தும் பார்த்தவர்கள் உண்டு. தண்ணீர் காய்ந்தாலும் உப்பும் சேறும் போர்டிலேயே தங்கி அரித்துக்கொண்டிருக்கும். ஆன் செய்து பார்க்காமல், பேட்டரியைக் கழற்றிவிட்டு, நேராகக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

நாலாவது வழி, புதுசு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசரும் வேண்டும் என்பதால் பழையதைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் ஏற்றினால், படிக்க, எழுத, வீடியோ பார்க்க அதே மெஷின் தாராளமாகப் போதும். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஏற்கெனவே இருந்ததை நிறையப் பேர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

திரை, கீல், போர்டு மூன்றும் சேர்ந்து போயிருந்தால் நானும் புதுசு வாங்கத்தான் சொல்வேன். அப்போதும் பழையதை எடைக்குப் போடாதீர்கள். அதே மாடலுக்குக் கீபோர்டோ மேல் மூடியோ தேடிக்கொண்டிருக்கும் ஆர்வலர் ஒருவர் எப்போதும் இருப்பார். டிஸ்க்கை எடுத்துவிட்டு, பேட்டரியைத் தனியாகக் கழற்றி, மீதியை அவருக்குக் கூரியரில் அனுப்புங்கள்.