சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டிற்கு எந்த நாய்? நாட்டு நாய், ஷிட்சு, லாப்ரடார்: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு, நாயைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே இருந்ததில்லை. பால்மரக்காட்டுப் பாதையில் அப்பாவின் சைக்கிளைப் பின்தொடர்ந்து வந்த குட்டி, வாசலில் படுத்து, மிஞ்சிய சோற்றைத் தின்று, தானாகவே அந்த வீட்டு நாயாகிவிடும். இப்போது நாங்கள் குடியிருப்பது தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், ஒரு வரிசை வீடு: இரும்புக் கேட், ஒரு கார் நிற்கும் அளவுக்குச் சிமெண்டுத் தரை, இரண்டு பக்கமும் ஒட்டிய சுவர். ஏழு வயது மகளும் நான்கு வயது மகனும் நாய் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியபோது, எங்கள் வருமானத்திற்கும் இந்த இடத்திற்கும் பிள்ளைகளின் வயதிற்கும் பொருந்துவது எது என்று ஏறக்குறைய ஆறு மாதம் விசாரித்தோம். இந்த ஊரில் நடைமுறையில் கிடைப்பவை மூன்றுதான். தோட்டத்திலிருந்தோ ஈப்போவில் உள்ள விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்திலிருந்தோ எடுத்து வரும் நாட்டு நாய்; செல்லப்பிராணிக் கடையில் வாங்கும் ஷிட்சு என்ற நீள முடிச் சிறு நாய்; லாப்ரடார் என்ற பெரிய நாய். பிட்புல் போன்ற இனங்களை நாட்டுக்குள் இறக்குமதி செய்யவே தடை இருக்கிறது, ராட்வைலருக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அவற்றைப் பற்றி யோசிக்கவும் வேண்டியதில்லை.

வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. நாட்டு நாய் இலவசமாகவோ சிறு நன்கொடைக்கோ கிடைக்கும். மற்ற இரண்டும் ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டியோ அதைத் தாண்டியோ போகும். ஆனால் நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம்மோடு இருக்கப் போகிறது. முதல் நாள் கொடுக்கும் பணம் மொத்தச் செலவில் ஒரு சிறு பங்குதான். 30 கிலோ எடையுள்ள லாப்ரடாருக்கு நாளொன்றுக்குச் சுமார் 350 கிராம் பாக்கெட் தீவனம் வேண்டும். 15 கிலோ நாட்டு நாய்க்கு 200 கிராம் போதும். ஐந்தாறு கிலோ ஷிட்சுவுக்கு 90 கிராம். தீவனம் கிலோ 10 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், மாதத்திற்கு முறையே 105, 60, 27 ரிங்கிட் ஆகிறது. ஷிட்சு மலிவு என்ற முடிவுக்கு இந்த இடத்தில் வந்துவிடக் கூடாது. அதன் முடி நிற்காமல் வளர்ந்துகொண்டே இருப்பதால், ஆறு வாரத்திற்கு ஒரு தடவையாவது வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் காதுக்குப் பின்னாலும் தொடையிடுக்கிலும் சிக்குப் பிடித்து, அடியில் தோல் புண்ணாகிவிடும். தடவைக்கு 60 ரிங்கிட் என்று கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 500 ரிங்கிட்டுக்கு மேல் போகிறது. அதைத் தீவனச் செலவோடு சேர்த்துப் பார்த்தால், சின்ன நாயின் மாதச் செலவு நாட்டு நாயின் செலவைத் தாண்டிவிடுகிறது. உண்ணி மருந்தும் பூச்சி மாத்திரையும் நாயின் எடைக்கேற்ற அளவில் விற்கப்படுவதால், அதிலும் லாப்ரடாருக்குத்தான் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

வீட்டுச் சோறே போதாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். போதும் என்று சொல்ல மாட்டேன், வேண்டவே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆகவே கறிக்குழம்பு ஊற்றிய சோறு கூடாது. வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் கிழிக்கலாம். நெத்திலியில் உப்பு அதிகம். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி ஈரலையும் சோற்றையும் கொஞ்சமாகத் தீவனத்தோடு கலந்து கொடுப்பதில் தவறில்லை. இதை ஏற்று நன்றாக இருக்கும் வயிறு பெரும்பாலும் நாட்டு நாயின் வயிறுதான்.

அடுத்தது வெயில். ஷிட்சு தட்டை மூக்குள்ள இனம். நாய்க்கு உடம்புச் சூட்டைத் தணிக்க மூச்சிரைப்பதே முக்கிய வழியாக இருக்க, அதன் மூச்சுப்பாதையோ குறுகலானது. என் மனைவியோடு வேலை செய்யும் ஒருவர் வீட்டில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு ஷிட்சுவைப் பார்த்தோம். மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அது குளியலறை வாசலில் ஈரத்தரையோடு வயிற்றை அப்பிக்கொண்டு, நான்கு கால்களையும் பரப்பி, நாக்கின் ஓரம் கருஞ்சிவப்பாகும் அளவுக்கு இரைத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் பகல் முழுவதும் குளிர்சாதனம் போட முடியாது, எங்கள் வீட்டிலும் முடியாது. லாப்ரடாரின் நிலை இதைவிட மேல். ஆயினும் அது வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் மீனவர்களுக்கு உதவிய நாய்களின் வழிவந்தது, இரட்டை அடுக்கு முடி உள்ளது. காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் ஓட விட்டால் இந்த ஊரிலும் நன்றாக இருக்கும். நாட்டு நாய்க்கோ குட்டை முடி, நீண்ட மூக்கு, மெலிந்த உடம்பு. இந்த வெயிலிலும் மழையிலும் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்த உடம்பு அது.

பிள்ளைகளோடு எப்படிப் பழகும் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. லாப்ரடார் பிள்ளைகளுக்கு ஏற்ற நாய் என்று பரவலாகச் சொல்லப்படுவது உண்மைதான். இயல்பில் அது கோபம் குறைந்தது. ஆனால் அந்தக் குணம் அமைதியாக வெளிப்படுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பத்து மாத லாப்ரடாருக்குப் பெரிய நாயின் உடம்பு, குட்டியின் மூளை. என் மைத்துனர் வீட்டில் அது அன்போடு பாய்ந்து வந்த ஒவ்வொரு முறையும் என் மகன் தரையில் விழுந்தான்; ஒரு முறை பின்னந்தலை சிமெண்டுப் படியில் இடித்து வீங்கியது. நாயின் மேல் குற்றமில்லை. நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டிய மிருகத்தைக் கார் நிறுத்தும் இடத்தில் கட்டிப்போட்டு வளர்த்தால் அப்படித்தான் ஆகும். ஷிட்சுவின் சிக்கல் நேர்மாறானது. அதன் உருவம் பொம்மை போல் இருப்பதால் நான்கு வயதுப் பிள்ளை அதைத் தூக்காமல் இருக்காது. தூக்கினால் ஒரு நாள் கீழே போடும். துருத்திய கண்களில் விரலும் படும். வலித்த நாய் கடிக்கத்தான் செய்யும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும். சிறு பிள்ளைகளின் முகம் நாயின் வாய் உயரத்திலேயே இருப்பதால் அவர்களுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும் படுகிறது என்பதையும், கடிப்பது பெரும்பாலும் பழகிய நாயே என்பதையும் ஒவ்வொரு பெற்றோரும் மனத்தில் இருத்த வேண்டும்.

இங்கேதான் என் எண்ணம் மாறியது. எந்த இனம் என்று கேட்டுக்கொண்டிருந்த நான், குட்டியா வளர்ந்த நாயா என்ற கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். எந்த இனத்துக் குட்டியானாலும் நான்கு முதல் ஆறு மாதத்தில் பல் முளைக்கும்போது பிள்ளையின் கை, கால், உடை எல்லாவற்றையும் கடிக்கும். இரண்டு மணி நேரத்திற்கொரு முறை அதை வெளியே கொண்டுபோக வேண்டும். ஏறத்தாழ நான்கு மாத வயதுக்குள் மூன்று முறை தடுப்பூசி போட வேண்டும். அதற்குள் பார்வோ கிருமி தொற்றினால் இரத்தமாகக் கழிந்து சில நாளிலேயே இறந்துவிடக்கூடும். மைத்துனர் ஒரு கடையில் வாங்கிய லாப்ரடார் குட்டி, வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே பார்வோவில் படுத்தது. தடுப்பூசி போட்டாகிவிட்டது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அட்டையில் கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் இல்லை என்பதை இவர் கவனிக்கவில்லை. குட்டி பிழைத்தது, ஆனால் மருத்துவச் செலவு அதை வாங்கிய விலையில் பாதியைத் தாண்டியது. இரண்டு வயது கடந்த நாயிடம் இவை எதுவும் இல்லை. அது எவ்வளவு வளரும், பிள்ளை கத்தினால் என்ன செய்யும், தனியே விட்டால் குரைத்துத் தீர்க்குமா என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். இனத்தின் பெயர் ஒரு வாக்குறுதி மட்டுமே. வளர்ந்த நாயின் நடத்தையோ நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளக்கூடியது.

அப்படித்தான் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு செவலை நாயைப் பார்க்கப் போனோம். மூன்று வயதுப் பெட்டை, 14 கிலோ இருக்கும். அந்த வீட்டுப் பாட்டி மகனோடு கிள்ளானுக்குப் போவதால் அதை யாரிடமாவது விட்டுச்செல்ல வேண்டியிருந்தது. மூன்று முறை போனோம், வெவ்வேறு நேரங்களில். இரண்டாம் முறை என் மகன் கையிலிருந்த மைலோ டின்னைத் தவறவிட்டான். அது படியில் உருண்டு பெரும் சத்தம் போட்டது. செவலை துள்ளி எழுந்து நாலடி தள்ளிப் போய் நின்றது, காதைப் பின்னால் மடக்கியது, பிறகு மெல்ல வந்து டின்னை முகர்ந்து பார்த்துவிட்டு அதே இடத்தில் படுத்துக்கொண்டது. பயந்தால் உறுமாமல் விலகிப் போகும் நாய்தான் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு வேண்டும். பாட்டி சொன்ன ஒரு வார்த்தை எந்தச் சான்றிதழைவிடவும் பெரிது: “அது புள்ளைங்கள ஒன்னும் செய்யாதுய்யா. சோறு திங்கும்போது மட்டும் கிட்ட போவக் கூடாது.” குறையை மறைக்காமல் சொல்பவரிடமிருந்து நாயை நம்பி வாங்கலாம்.

நாட்டு நாய்க்கும் குறைகள் உண்டு. அவிழ்த்துவிட்டே வளர்ந்த நாய் தாமானுக்குள் வந்ததும் கேட்டைத் தாண்டப் பார்க்கும், மோட்டார் சைக்கிளைத் துரத்தும், கோழி வளர்ப்பவர் வீட்டில் வம்பை இழுத்து வரும். அடிவாங்கி வளர்ந்ததானால் கையை ஓங்கினாலே பல்லைக் காட்டும். அப்படிப்பட்டதை, எவ்வளவு பரிதாபமாக இருந்தாலும், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எடுக்கக் கூடாது. பெட்டைக்குக் கருத்தடை செய்தாக வேண்டும். இல்லையெனில் ஆண்டுக்கு இருமுறை வாசலில் ஆண் நாய்க் கூட்டம் நிற்கும், பிறக்கும் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டுச் செம்பனைக் காட்டுக்குப் போகும். இந்தக் கொடுமையைச் சிறுவயதில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், கருத்தடைக்குப் பணமில்லையென்றால் நாய் வேண்டாம்.

தொற்றுநோய்களில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. உண்ணிக்காய்ச்சல் எந்த இனத்தையும் விடாது. ஈறு வெளுத்து, தீனியைத் தொடாமல் சுருண்டு படுத்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கொசு மூலம் பரவும் இதயப்புழுவுக்கு மாதாமாதம் மாத்திரை உண்டு. மூன்று மாதத்திற்கொரு முறை பூச்சி மருந்து கொடுப்பது நாய்க்காக மட்டுமல்ல. உருண்டைப் புழுவின் முட்டைகள் மண்ணிலிருந்து பிள்ளைகளின் வாய்க்கும், கொக்கிப் புழுவின் குஞ்சுகள் வெறுங்காலின் தோலுக்குள்ளும் போகின்றன. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதையும், 2017 முதல் சரவாக்கில் அது உயிர்களைப் பறித்ததையும் மறக்க வேண்டாம். எந்த நாய் கடித்தாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொன்று: எலிக்கு வைக்கும் விஷக்கட்டியை நாயும் தின்னும், விஷம் தின்ற எலியையும் தின்னும். ஆகவே உலாவ விடக் கூடாது.

காவலுக்கு நாட்டு நாய்க்கு ஈடு இல்லை. லாப்ரடார் திருடனையும் வாலாட்டி வரவேற்கக்கூடும். ஷிட்சு எல்லாவற்றுக்கும் குரைக்கும். சாக்கடை ஓரத்தில் நாகப்பாம்பு வந்தால் செவலை போன்ற நாயின் குரலே வேறு மாதிரி இருக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல் தெரியும்.

அக்கம்பக்கத்தாரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் இடப்பக்க வீட்டில் ஒரு மலாய் மக்சிக், வயதில் மூத்த அம்மா, இருக்கிறார். நாயின் எச்சில் அவர்கள் மார்க்கத்தில் தீட்டு. பட்டால் மண் கரைத்த நீர் உட்பட ஏழு முறை கழுவ வேண்டும். நாயை எடுப்பதற்கு முன்பே அவரிடம் போய்ப் பேசினேன், கேட்டின் அடிப்பாகத்துக்குக் கம்பிவலை அடித்தேன். நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுப்பது கட்டாயம். வரிசை வீட்டுக்கு எத்தனை நாய் என்ற வரம்பையும் அங்கே கேட்டுக்கொள்ளலாம். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி கொடுமைக்குக் குறைந்தது 20,000 ரிங்கிட் அபராதம்; அதிகபட்சம் 100,000 ரிங்கிட், மூன்றாண்டுச் சிறை, அல்லது இரண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. மாதம் நூறு நூற்றைம்பது ரிங்கிட் ஒதுக்கக்கூடிய, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள தாமான் வீட்டிற்கு, குணம் தெரிந்த, கருத்தடை செய்த, இரண்டு வயது கடந்த நாட்டு நாயே ஏற்றது. மூலை வீடும் புல்தரையும் தினமும் நடத்திச் செல்ல ஒரு பெரியவரும் இருந்தால் லாப்ரடாரை எடுக்கலாம், அதையும் வளர்ந்ததாகப் பார்த்து எடுக்கலாம். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட, பாட்டி பகல் முழுவதும் இருக்கும் குளிர்ந்த வீட்டிற்கு ஷிட்சு பொருந்தும். கணவனும் மனைவியும் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போய் வீடு பன்னிரண்டு மணி நேரம் பூட்டிக்கிடக்குமானால், இந்த மூன்றில் எதுவும் வேண்டாம்.

செவலை எங்களிடம் வந்து எட்டு மாதமாகிறது. அதன் தட்டைப் பின்கட்டில், கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் வைக்கிறோம். அது தின்று முடித்து, தண்ணீர் குடித்து, தலையை நிமிர்த்தி எங்களைப் பார்க்கும் வரை என் மகன் இந்தப் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். அதற்குப் பிறகுதான் கதவைத் திறப்போம்.