ராடு கணக்கு கேளுங்கள்: வடசென்னையில் வெல்டர் அப்ரண்டிஸ், ஒரு மதிப்பீடு

ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஒரு வருடம், அதன் பிறகு கம்பெனியில் அப்ரண்டிஸ் ஒரு வருடம். எட்டாவது தேறியிருந்தாலே ஐடிஐ வெல்டருக்கு விண்ணப்பிக்கலாம். மணலி, எண்ணூர், திருவொற்றியூர், பெரம்பூர் என்று சுற்றிலும் ஃபேக்டரியும் ஒர்க்‌ஷாப்பும் இருக்கிற வடசென்னைப் பையனுக்கோ பெண்ணுக்கோ இது வீட்டு வாசலில் இருக்கும் வழி. மதிப்பெண் போடச் சொன்னால், கிடைக்கும் சான்றிதழுக்கு ஐந்துக்கு நாலு, கைக்கு வரும் பணத்துக்கு இரண்டரை. தொழில் கற்றுக்கொள்வதற்கு மட்டும் ஒரே மதிப்பெண் போட முடியாது. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கம்பெனிகளில் ஒன்று ஐந்து வாங்கும், இன்னொன்று ஒன்று வாங்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனி கேட்டில் "டிரெய்னியா எடுக்கறோம்" என்பார்கள். டிரெய்னி வேறு, அப்ரண்டிஸ் வேறு. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருபவருக்கு எழுத்து ஒப்பந்தம் உண்டு. அது அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டலில் பதிவாகி ஒரு எண் வரும். பதினெட்டு வயதாகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அந்த எண் கைக்கு வராமல் மூன்று மாதம் ஓடிவிட்டது என்றால், பிள்ளை சம்பளம் குறைந்த ஹெல்பராகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறான். சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். இந்தச் சட்டத்தின்படி அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சியாளர். அதனால் அவருக்கு பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் வராது. ஆனால் வேலையில் அடிபட்டால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு முதலாளியுடையதுதான். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். ஆகவே "எங்களிடம் அதெல்லாம் கிடையாது" என்று ஒரு பெரிய ஃபேக்டரி சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

பணம். 2019 விதிகள் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை, பத்தாவது முடித்தவருக்கு மாதம் 6,000 ரூபாய், ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்கு 7,000. சேரும்போது ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே சரி. தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் வரும் தனியார் கம்பெனி என்றால் இதில் 1,500 வரை அரசின் பங்கு, நேராகப் பையனின் வங்கிக் கணக்குக்கு வரும். பெரும்பாலும் இங்கேதான் சிக்கல். ஆதார் இணைக்காத கணக்கு, ஆதாரில் ஒரு இனிஷியலும் ஐடிஐ மார்க் ஷீட்டில் வேறு இனிஷியலும், பள்ளியில் திறந்து தூங்கிப்போன பழைய கணக்கு. இவற்றில் ஒன்று இருந்தாலும் கம்பெனி பங்கு வரும், அரசுப் பங்கு வராது. சேர்வதற்கு முன்பே வங்கிக்குப் போய் ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பாஸ்புக்கில் போன் நம்பர் இருப்பது அதற்கு ஈடாகாது.

இனி முக்கியமான விஷயம். கம்பெனியை எடைபோட ஒரே ஒரு கேள்வி போதும்: "அப்ரண்டிஸுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ராடு கொடுப்பீங்க?" ராடு என்பது ஆர்க் எனும் மின்பொறியில் உருகி இணைப்பை நிரப்பும் பூச்சுக் கம்பி. 3.15 மில்லிமீட்டர் கனமுள்ள ராடு ஒன்று எரிந்து முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம். நாளுக்கு முப்பது ராடு என்றால் எட்டு மணி நேர ஷிஃப்டில் ஆர்க் எரிந்தது அரை மணி நேரம்தான். ஐந்து ராடு என்றால் ஐந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் பிளேட் தூக்குவது, கிரைண்டிங், ஸ்லாக் (வெல்டு மேல் படியும் கசடு) தட்டுவது, பெருக்குவது. இவையும் தொழிலில் சேர்ந்தவைதான், முதல் மாதம் அப்படித்தான் போகும், போகவும் வேண்டும். ஆறாவது மாதமும் அப்படியே இருந்தால் ஒப்பந்தத்தில் "வெல்டர்" என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமில்லை. இந்தக் கேள்விக்கு ஃபோர்மேன் யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொன்னால் நல்ல இடம். "அதெல்லாம் வேலையைப் பொறுத்து" என்று இழுத்தால் அங்கே அப்ரண்டிஸுக்கு என்று தனி பிளேட் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

கொடுக்கிற ராடில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்பது அடுத்தது. சாதாரண வேலைக்கான 6013 வகை ராடு, 3.15 மில்லிமீட்டர் என்றால் 90 முதல் 130 ஆம்பியர், 2.5 என்றால் 60 முதல் 90. ராடு நுனிக்கும் பிளேட்டுக்கும் நடுவே ராடு கம்பியின் கனம் அளவுக்குத்தான் இடைவெளி. புதிதாக வருபவர் பயத்தில் கையைத் தூக்குவார். ஆர்க் நீளும், ஸ்பேட்டர், அதாவது உருகிய துளி, தெறிக்கும், பீட் எனும் வெல்டு வரியின் ஓரத்தில் பள்ளம் விழும். அதுதான் அண்டர்கட். நல்ல டிரெய்னர் உடனே ஆம்பியரைக் குறைக்க மாட்டார், முதலில் கையை இறக்கச் சொல்வார். ஆம்பியர் அதிகமானாலும் அண்டர்கட் வரும், வேகமாக இழுத்தாலும் வரும். எது காரணம் என்று பிரித்துக் காட்டத் தெரிந்தவரிடம் மூன்று மாதம் நின்றால் போதும். படுக்கை பிளேட்டில் மட்டும் ஒரு வருடம் ஓட்டும் இடத்தைத் தவிருங்கள். செங்குத்தாகக் கீழிருந்து மேலே ஏற்றுவது, அதாவது 3ஜி, வரவில்லை என்றால் வெளியே, வேலைக்கு எடுக்கும் முன் கம்பெனிகள் வைக்கும் கேட் டெஸ்டில் நிற்க முடியாது.

வடசென்னைக்கே உரிய ஒரு தொல்லை கடல் காற்று. எண்ணூர், காசிமேடு பக்கம் பாக்கெட்டைப் பிரித்து வைத்த ராடு ஈரம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். 6013 என்றால் பீடில் பிளோ ஹோல், அதாவது காற்றுத் துளை, விழும், கண்ணுக்குத் தெரியும், கிரைண்ட் செய்து திரும்பப் போடலாம். கனமான வேலைக்கான 7018 வகை ராடு என்றால் கண்ணுக்கே தெரியாது. ஈரத்தில் இருக்கும் ஹைட்ரஜன் உள்ளே இறங்கி, ஆறிய பிறகு, சில சமயம் மறுநாள்தான், ஓரத்தில் விரிசல் விடும். அதனால் 7018-ஐ 300 முதல் 350 டிகிரி வரை ஓவனில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் சுட்டு, சூடு ஆறாமல் காக்கும் குவிவர் டப்பாவில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ராடு ஓவன் இருக்கிறதா, அது ஓடுகிறதா, இல்லை உள்ளே டிபன் பாக்ஸ் வைத்திருக்கிறார்களா என்று ஒரு எட்டு பாருங்கள். டிபன் பாக்ஸ் இருக்கும் ஓவன்களும் ஊரில் உண்டு.

பாதுகாப்பில் பெரும்பாலான சின்னப் பட்டறைகள் தேறாது. 3.15 ராடுக்கு 10 அல்லது 11-ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி வேண்டும். கையில் கிடைத்த கூலிங் கிளாஸ் உதவாது. ஆர்க் கண்ணில் அடித்தால் உடனே தெரியாது, ராத்திரி பத்து மணிக்கு மேல் மணல் கொட்டியது போல எரியும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு என்று வைத்தியம் சொல்வார்கள். கண் டாக்டரிடம் போவதே சரி. நைலான் பேன்ட் உருகித் தோலோடு ஒட்டும், பருத்திதான் போட வேண்டும். கிரைண்டரில் பாதுகாப்பு மூடியான கார்டைக் கழற்றிவிட்டு நாலு அங்குல மிஷினில் ஐந்து அங்குல டிஸ்க் மாட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தால் ஒப்பந்தம் எடுக்காமல் திரும்பிவிடுங்கள். அங்கே மற்ற எல்லாமும் அதே லட்சணத்தில்தான் இருக்கும்.

பெரம்பூர் ஐசிஎஃப் தனிக் கணக்கு. 1955இல் தொடங்கிய இந்த ரயில் பெட்டித் தொழிற்சாலை, பழைய மாடல் பெட்டி செய்வதை 2018 ஜனவரியில் நிறுத்தி, ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலில் செய்யும் எல்ஹெச்பி எனும் புது வகைப் பெட்டிகளுக்கு மாறிவிட்டது. வெல்டராகப் போகிறவருக்கு இதன் பொருள், ஸ்டீல் பெட்டியின் மெல்லிய தகடு வளையாமல் வெல்டு போடப் பழகுவது. ராடு மட்டும் தெரிந்தால் அங்கே போதாது. ஆள் எடுக்கும் அறிவிப்பு வரும்போது ஐடிஐ முடித்தவர்களுக்கும், பத்தாவதோடு நேராக வரும் ஃப்ரெஷர்களுக்கும் தனித்தனி இடங்கள் இருக்கும். ஃப்ரெஷர் வெல்டருக்குப் பயிற்சி ஒன்றேகால் வருடம். எழுத்துத் தேர்வு கிடையாது, மார்க்கை வைத்துப் பட்டியல். பத்தாவதில் 50 சதவீதம் இல்லாதவர் விண்ணப்பத்தில் பணம் விட வேண்டாம். முடித்தவுடன் ரயில்வே வேலை என்று சொல்லும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் பொய் சொல்கிறார். ரயில்வேயின் லெவல் 1 எனும் கடைநிலைப் பணிகளின் நேரடி நியமனத்தில் 20 சதவீத இடம் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு உண்டு, அவ்வளவுதான். அதற்கும் ஆர்ஆர்பி (ரயில்வே தேர்வு வாரியம்) தேர்வு எழுத வேண்டும்.

தனியாரிலும் வேலை உத்தரவாதம் இல்லை. பயிற்சி முடிந்ததும் எடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. போக்குவரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்: மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது, அதற்கு அப்பால் ஷிஃப்டுக்கு ஏழு மணிக்குள் போய்ச் சேர எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். ரயில் நேரம் ஒத்துவந்தால் அதுவே மேல்.

கடைசி மூன்று மாதத்தை டெஸ்ட் பீஸுக்காகவே கேட்டு வாங்குங்கள். பத்து மில்லிமீட்டர் பிளேட், 60 டிகிரி வி-குரூவ் (ஓரங்களைச் சரித்த வி வடிவ வாய்), ஒன்றரை மில்லிமீட்டர் ரூட் ஃபேஸ் (அடியில் சரிக்காமல் விட்ட ஓரம்), இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் கேப் (இரண்டு பிளேட்டுக்கும் நடுவே இடைவெளி), 3ஜி. போட்ட பீஸைப் பட்டையாக அறுத்து வளைத்துப் பாருங்கள். ரூட் பக்கம் வாய் பிளந்தால் கேப் போதவில்லை, அல்லது முதல் ரன்னின் (முதல் வெல்டு வரியின்) ஸ்லாக்கை முழுசாகத் தட்டாமல் அடுத்த ரன் போட்டிருக்கிறார்கள். அகில இந்திய டிரேட் டெஸ்ட் எழுதும் வாரத்தில் இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.