லோவெல் வானாய்வகம்: புளூட்டோ பிடிபட்ட இடம்

அரிசோனா போகிறவர்கள் கிராண்ட் கேன்யனோடு திரும்பிவிடாதீர்கள். ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் இந்த வானாய்வகம் இருக்கும் மார்ஸ் ஹில் குன்றில் ஏறினால், புளூட்டோவைப் படம் பிடித்த அந்த 13 அங்குலத் தொலைநோக்கியையே பார்க்கலாம். 1930 ஜனவரி 23, 29 இரவுகளில் இதில் எடுத்த கண்ணாடிப் புகைப்படத் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான், ஒரே ஒரு புள்ளி நகர்ந்திருப்பதை பிப்ரவரி 18 அன்று கிளைட் டாம்பா கண்டுபிடித்தார். வயது 24, அப்போது கல்லூரிப் படிப்புகூடக் கிடையாது! தகடுகளின் படத்தில் அம்புக்குறி போட்டிருந்தும் என் மகள் அந்தப் புள்ளியைத் தேடினாள், அவ்வளவு மங்கல். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அப்புறம், ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையிலும் இரவில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.