காப்பீட்டு அட்டைக்கு மேல்முறையீடு செய்து தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடையாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், வேறு யாரிடமும் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 7,000 ரூபாயையும் ஐந்து வாரங்களையும் நான் பறிகொடுத்தேன். பணம் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைக்க நாள் குறிக்க முடியாமல் கிடந்த அந்த ஐந்து வாரங்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இந்த அட்டை கிடைக்க, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மளிகைக் கடையில் எனக்கு மாதம் 8,500 ரூபாய். வீட்டில் வேறு வருமானம் இல்லை. கடையில் விடுப்புக் கிடைக்காததால், ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதித் தருபவரிடம் 3,000 ரூபாய் கொடுத்து வருமானச் சான்றிதழ் வாங்கச் சொன்னேன். தனிக் குடும்ப அட்டையோடு வெளியூரில் வாழும் தம்பியின் சம்பளத்தையும் சேர்த்து எழுதிவிட்டார். 2,22,000 என்று சான்றிதழ் வந்தது. அட்டை வழங்கும் இடத்தில், வரம்பைத் தாண்டிவிட்டது என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் கொடுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மேல்முறையீடு போட்டால் பதினைந்தே நாளில் அட்டை என்று அதே மனிதர் மேலும் 4,000 வாங்கிக்கொண்டு, ஒரு ரசீதைக் கையில் திணித்தார். ஐந்தாவது வாரம் அதை இ-சேவை மையத்தில் காட்டினேன்.

“அண்ணா, இது உங்கள் பழைய விண்ணப்ப எண். புதிதாக எதுவுமே போடவில்லையே” என்றார் அங்கிருந்த பெண்.

பிழை இருந்தது வருமானச் சான்றிதழில். அதைத் திருத்தாமல் எங்கே முறையிட்டும் பயனில்லை. 60 ரூபாய் கட்டிப் புதிய வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து, தம்பியின் குடும்ப அட்டை நகலைக் காட்டினேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுவும் கொடுத்தேன். மனு எண்ணை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஒன்பதாம் நாள் சரியான சான்றிதழ் கிடைத்தது. அட்டைக்கு ஒரு பைசாகூடக் கேட்கவில்லை. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று. அந்த மனிதர் இன்னும் அதே வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். நேற்று அவர்முன் மருத்துவமனைக் கோப்போடு ஓர் அம்மா பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். தனியே அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, இ-சேவை மையம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.