பத்து வயது மதர்போர்டில் ஐ5: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

திருகோணமலையில், உவர்மலைப் பக்கம் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, தட்டச்சு, கல்யாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், பாடசாலை மலர். எல்லா வேலையும் 2012இல் வாங்கிய ஒரே கம்பியூட்டரின் தலையில்தான். எச்61 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சில்லு) உள்ள மதர்போர்ட், ஐ3-2100 புரொசசர், 4 ஜிபி றாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360க்குப் போனதும், புது மெஷின் என்ற பேச்சை நானே நிறுத்திவிட்டேன். இருக்கிற போர்டுக்கு நல்ல புரொசசர் ஒன்று போட ஏலுமா என்று பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

முதல் ஆலோசனை மருமகனுடையது. எங்கேயோ கழித்துவிட்ட மெஷினில் இருந்து ஒரு ஐ5-4570ஐக் கழற்றிக் கொண்டுவந்தான். "மாமா, ஐ3ஐ எடுத்துட்டு இதைப் போட்டா முடிஞ்சுது." போர்டில் புரொசசர் உட்காரும் சொக்கெட்டைத் திறந்து மேலே வைத்துப் பார்த்தோம். புரொசசரின் விளிம்பில் இரண்டு சின்ன வெட்டுகள் இருக்கும். சொக்கெட்டில் இருக்கும் இரண்டு மொட்டுகள் அதற்குள் உட்கார வேண்டும். வெட்டும் மொட்டும் நேருக்கு நேர் வராமல் தள்ளி நின்றன. எங்கள் போர்டின் சொக்கெட் வகை எல்ஜிஏ 1155, அவன் கொண்டுவந்தது 1150க்கானது. நல்ல காலம், அழுத்திப் பார்க்கவில்லை. இந்த வகையில் மெல்லிய பின்கள் புரொசசரில் இல்லை, போர்டில்தான் இருக்கின்றன. நான்கைந்து வளைந்தால் போர்டைத் தூக்கி வைக்க வேண்டியதுதான்.

ஐ3, ஐ5 என்பதெல்லாம் தரவரிசை மட்டும். அதற்குப் பின்னால் வரும் நாலு இலக்கத்தில் முதல் இலக்கம்தான் தலைமுறை. 1155 சொக்கெட்டில் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகள் உட்காரும். அதற்காகச் சொக்கெட் பெயர் ஒத்துப்போனால் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கும் 1151. எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கும் 1151. ஆனால் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் போர்ட் வேண்டும். பழைய 100, 200 வரிசைப் போர்டில் புரொசசர் வடிவாகப் போய் உட்காரும், வேலை மட்டும் செய்யாது. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எந்தப் புரொசசர் பொருந்தும் என்று பார்க்கச் சரியான இடம், போர்ட் தயாரித்த கம்பனியின் தளத்தில் இருக்கும் புரொசசர் பட்டியல். அதைத் தேட போர்டின் முழு மொடல் பெயர் தேவை. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெயின்போர்ட் பகுதியைத் திறந்தால் மொடலும், பயோஸ் (மெஷின் எழும்பும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பும் சேர்ந்தே தெரியும். சில போர்டுகளில் ரிவிஷன் இலக்கம் மூலையில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அதையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒரே மொடலுக்கு ரிவிஷன் மாறினால் பட்டியலும் மாறலாம். பட்டியலில் ஐ5-3470 இருந்தது. நாலு கோர் (கணக்குப் போடும் உள் மூளைகள்), 77 வாட். என் ஐ3 இரண்டு கோர், 65 வாட். விலையும் கையைக் கடிக்காத அளவில் இருந்ததால், கொழும்பில் பாவித்த சாமான் விற்கும் ஒருவரிடம் சொல்லிவைத்தேன்.

பஸ்ஸில் பார்சல் வந்தது. புரொசசரின் மூடியில், கூலருக்குச் சூட்டைக் கடத்தப் பூசும் பழைய பேஸ்ட் வெள்ளையாகக் காய்ந்து எழுத்தை மறைத்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொண்டே வந்தால் 3470க்குப் பின்னால் ஒரு எழுத்து முளைக்கிறது: டி. ஐ5-3470டி 35 வாட் சாமான், கோர் இரண்டே இரண்டு. ஐ5 என்று பெயர் இருந்தும் கோர் எண்ணிக்கையில் என் ஐ3க்குச் சமம். விற்றவர் "அதுவும் 3470தானே அண்ணா" என்று கொஞ்ச நேரம் இழுத்தார். பிறகு மாற்றித் தந்தார். திருப்பி அனுப்பின செலவு என்னுடையது.

இரண்டாவது பார்சலில் சரியானது வந்தது. மாட்டி சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. றாமைக் கழற்றி அழிறப்பரால் துடைத்துப் போட்டேன், கேபிள் மாற்றினேன், மொனிட்டர் மாற்றினேன். ஒரு மணித்தியாலம் வியர்த்த பிறகுதான் அந்தப் பட்டியலை மறுபடி திறந்தேன். புரொசசர் பெயருக்கு நேரே, எந்தப் பயோஸ் பதிப்பில் இருந்து வேலை செய்யும் என்று கடைசி நிரலில் போட்டிருந்தது. முதல் தடவை நான் பெயரோடு நின்றுவிட்டேன். என் போர்டில் இருந்தது 2011ஆம் ஆண்டுப் பயோஸ். மூன்றாம் தலைமுறை வெளிவந்ததோ 2012 ஏப்ரலில். பிறக்காத பிள்ளையை அதற்கு எப்படி அடையாளம் தெரியும்?

ஆகவே ஐ3ஐத் திரும்பப் போட்டு, அதில் மெஷினை எழுப்பித்தான் பயோஸைப் புதுப்பிக்க முடிந்தது. கூலரைக் கழற்றிப் பூட்டியதில் ஒரு பிளாஸ்டிக் பூட்டு முறிந்தது. பத்து வருடக் கடல் காற்றில் அதுவும் பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. பழைய மெஷின் ஒன்றின் கூலரில் இருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டேன். அது மின்வெட்டுக் காலம். பயோஸ் எழுதும்போது கறண்ட் போனால் போர்ட் பிணம். அன்றைய மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து, எங்கள் பிரிவுக்கு வெட்டு முடிந்து கறண்ட் வந்த பிறகு, யுபிஎஸ்ஸில் மொனிட்டரையும் மெஷினையும் மட்டும் விட்டு, பென் டிரைவில் இருந்து ஏற்றினேன். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. கடைக்கு வந்த ஒருவர் போட்டோகொப்பி கேட்டபோது பதில் சொல்லாமல் கையை மட்டும் காட்டினேன். பிறகு ஐ5, முதல் தடவையிலேயே திரை வந்தது.

இனி மூன்று வருடக் கணக்கு. உண்மையைச் சொன்னால், பாமினி எழுத்துருவில் டைப் அடிக்கும்போது புரொசசர் மாறியதே தெரியாது. 64 பக்கப் பாடசாலை மலரை பிடிஎஃப் ஆக்கும்போது தெரியும்: முன்பு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம், இப்போது ஆற்றக்கூட நேரம் இல்லை. போட்டோஷொப்பில் பெரிய பனர் வேலை ஓடும்போது பக்கத்தில் பிரிண்டும் போகிறது. ஆனால் மெஷின் ஒன் ஆவதும் கோப்புகள் திறப்பதும் வேகமானது அதே மாதம் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போட்ட எஸ்எஸ்டியாலும், 8 ஜிபி ஆக்கிய றாமாலும். எச்61இல் எஸ்எஸ்டியைப் பொருத்தும் சாட்டா இணைப்பின் வேகம் நொடிக்கு 3 கிகாபிட் மட்டும்தான் என்பதால் எஸ்எஸ்டி நொடிக்கு 270 எம்பி அளவோடு நின்றுவிடும். அதுவே எனக்குக் காணும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

சூடுதான் கவனிக்க வேண்டியது. ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும்போது பிடிஎஃப் வேலையில் 78 பாகை வரை பார்த்தேன். வருடத்துக்கு ஒரு தடவை பேஸ்ட் மாற்றி, கூலரின் தகடுகளுக்கு இடையில் உப்போடு ஒட்டிக்கிடக்கும் தூசியைத் தூரிகையால் எடுத்தால் 70க்குள் நிற்கிறது. மூன்று வருடத்தில் தானாக நின்றுபோனது ஒரே ஒரு முறை, அதுவும் பவர் சப்ளை பழுதாகி.

விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது, அதற்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததால், வங்கி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் லப்டொப்புக்கு மாற்றிவிட்டேன். இது டிசைனுக்கும் பிரிண்டுக்கும் மட்டும்.

அந்த ஐ3ஐ விற்கவில்லை. பழைய பயோஸோடு 1155 போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அதைப் புதுப்பிக்க இப்படி ஒன்று இரவல் வேண்டியிருக்கிறது. பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் பஞ்சு வைத்து, கிண்ணியாவுக்கு ஒரு தடவை போய் வந்தது. போன கிழமை மூதூருக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை.