மூணு நம்பர் ஷீட்: நாலு வருஷம் ஓட்டிய பிறகு

"உங்க டீம்ல இன்னும் அந்த மூணு நம்பர் ஷீட்தானா? நாங்களும் ஆரம்பிக்கலாமா?" என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் எங்கள் சாஃப்ட்வேர் ரிலீஸ் தேதி தள்ளிப்போயிருந்தது. கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். இப்போது ஆறிவிட்டது, முக்கால்வாசி.

ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று மூணு எண்ணை வைத்துக் கணிக்கும் பெர்ட் (PERT) முறைதான் அந்த ஷீட். 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கியது. நல்லபடி போனால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, சொதப்பினால் எத்தனை. நடு எண்ணை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்கணும். 3, 5, 19 என்றால் விடை 7.

என் எரிச்சல் முழுக்க அந்த 7 மேல்தான். 19 என்று ஒருவர் பயந்து பயந்து சொன்னாரே, அது எங்கே? மேலே போகிற அறிக்கையில் இல்லை. பக்கத்திலேயே திட்டவிலக்கம், அதாவது எவ்வளவு முன்னே பின்னே ஆகலாம் என்பதன் அளவு, 2.7 என்று இருக்கும். அதை யாரும் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. மேனேஜர் கண்ணுக்கு 7 வாக்குறுதி.

இந்தத் தடவை விழுந்த குழியும் அதுதான். மூன்று மாட்யூல்கள் ஒரே நேரத்தில் ஓடின. மூன்றும் முடிந்தால்தான் இன்டகிரேஷன், அதாவது அவற்றை இணைக்கிற வேலை. ஒவ்வொன்றும் சொன்ன தேதியில் முடிய ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூன்றும் சேர்ந்து முடிய? எட்டில் ஒன்று. ஷீட்டோ மூன்றில் நீளமானதை எடுத்துத் தேதியாகப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. மான்டே கார்லோ போட்டு, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் தற்செயலாக ஒரு நாள் கணக்கை எடுத்து முழுத் திட்டத்தையும் கம்ப்யூட்டரில் பத்தாயிரம் தடவை ஓட்டினால், இது வெளியே வரும். ஆனால் மூன்றும் ஒரே டெஸ்ட் சர்வரை நம்பியிருந்தால், அதையும் நாம்தான் சொல்லிக்கொடுக்கணும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாகணும். "19 ஏன்?" என்று கேட்கிற அந்த ஐந்து நிமிஷம் தங்கம். வாயே திறக்காத ஜூனியர்கூட, "பழைய டேட்டால பாதி டூப்ளிகேட்ண்ணா, யாரும் பாக்கல" என்பான். ஒற்றை எண் கேட்டிருந்தால் 5 என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். இப்படி வெளியே வந்த சிக்கல்கள் எங்களைப் பலமுறை காப்பாற்றியிருக்கின்றன.

நண்பருக்குச் சொன்னது: வேண்டாம், தலைவலி.

எங்கள் அடுத்த ரிலீஸுக்கான ஷீட்டை நேற்றே திறந்தாச்சு. அந்த 7 வருகிற நெடுவரிசையை மட்டும் மறைத்து வைத்திருக்கிறேன். மேனேஜர் இன்னும் கவனிக்கவில்லை.