வால்வு சீட்டுக்கு 410 எஃகா, ஸ்டெல்லைட் 6-ஆ?

நீராவி லைன் கேட் வால்வுகளில் டிஸ்க் (மூடும் தகடு) வந்து பதிந்து அடைக்கும் பரப்பான சீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். ஒன்று, சுமார் 12 சதவீதம் குரோமியம் கலந்த 410 எஃகு. கடையில் 13 குரோம் என்பார்கள். மற்றது ஸ்டெல்லைட் 6: கோபால்ட் அடிப்படை, சுமார் 28 சதவீதம் குரோமியம், 4 முதல் 5 சதவீதம் டங்ஸ்டன், 1 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும் கார்பன். பல ஓவர்ஹால்களில் இரண்டையும் கழற்றிப் பார்த்தவர்கள் கடினத்தன்மை எண்ணை மட்டும் வைத்து இவற்றை எடைபோட மாட்டார்கள்.

ஏனென்றால் 410-ஐயும் பதப்படுத்தி ஸ்டெல்லைட் அளவுக்கு, ராக்வெல் கடின அளவில் ஏறத்தாழ 40 எச்ஆர்சிக்கு, கொண்டுவரலாம். வித்தியாசம் உரசும்போதுதான் தெரியும். 410 மீது 410 அழுத்தத்தோடு வழுக்கினால் ஒன்றையொன்று பற்றிப் பிய்த்துக்கொள்ளும். அதற்காகத்தான் எஃகு கேட் வால்வுகளுக்கான ஏபிஐ 600 தரநிலை இந்த ஜோடிக்குக் குறைந்தது 250 பிரினெல் (இன்னொரு கடின அளவுகோல்) கடினமும், சீட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையே 50 பிரினெல் வித்தியாசமும் கேட்கிறது. உதிரி டிஸ்க் வாங்கும்போது இதை அளக்காமல் பூட்டினால், சில மாதங்களிலேயே சீட்டில் நீளக் கீறல் விழும். ஸ்டெல்லைட் தன் மீதே வழுக்கினாலும் பற்றாது. உரசும் பரப்பில் மட்டும் கோபால்ட்டின் படிக அமைப்பு அறுகோணத்துக்கு மாறிச் சறுக்கிக் கொடுக்கிறது. குரோமியம் கார்பைடுகள் தேய்மானத்தைத் தாங்குகின்றன.

சூட்டிலும் கோபால்ட்டுக்கே மேல்கை. டெம்பர் செய்த (கடினமாக்கிய பின் மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்திய) வெப்பநிலையைத் தாண்டினால் 410 இளகிவிடும், ஆறினாலும் பழைய கடினம் திரும்பாது. 475 டிகிரி செல்சியஸை ஒட்டி நெடுநாள் இருந்தால் நொறுங்கும் தன்மையும் வரும். ஸ்டெல்லைட் 500 டிகிரியிலும் கடினத்தின் பெரும்பகுதியைத் தக்கவைத்திருக்கும்.

ஆனால் ஸ்டெல்லைட்டை வெல்டிங் மூலம்தான் எஃகின் மேல் பூசுகிறார்கள்; அது கெட்டுப்போனது என்று வரும் வால்வுகளில் பெரும்பாலும் குற்றம் உலோகத்தில் இல்லை, வெல்டிங்கில் இருக்கிறது. டிக் (டங்ஸ்டன் மின்முனை) வெல்டிங்கில் முதல் அடுக்கோடு அடி இரும்பு தாராளமாகக் கலந்துவிடும். கடினமும் பற்றாத குணமும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே இரண்டு அடுக்காவது வேண்டும், கடைந்து முடித்த பின் 2 முதல் 3 மி.மீ. நிற்க வேண்டும். உலோகப் பொடியை உருக்கிப் பூசும் பிளாஸ்மா பவுடர் முறையில் கலப்பு 5 முதல் 10 சதவீதத்துக்குள் அடங்கும்.

அடுத்த எதிரி வெடிப்பு. 410 அடியின் மேல் பூசினால், ஆறும்போது சுமார் 300 டிகிரிக்குக் கீழே அடி எஃகு மார்ட்டென்சைட் என்ற கடினமான படிக அமைப்பாக மாறி விரியும். மேலே உள்ள ஸ்டெல்லைட்டோ சுருங்கிக்கொண்டிருக்கும். இழுபடுவது பூச்சுதான். 250 முதல் 300 டிகிரி ப்ரீஹீட்டை (முன்சூட்டை) வேலை முடியும்வரை விடாமல் பிடித்து, பிறகு உலையிலோ வெர்மிகுலைட் என்ற வெப்பக்காப்புத் துகளில் புதைத்தோ மெதுவாக ஆறவிட வேண்டும். ஆறும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் குறுக்கு வெடிப்பு விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். சாயம் ஊறவைத்து வெடிப்பைக் காட்டும் டை பெனட்ரன்ட் சோதனையைக் கடைவதற்கு முன்பும் பின்பும் செய்யுங்கள்; கடைந்த பிறகே தலைகாட்டும் வெடிப்புகள் உண்டு.

அதிகச் சூட்டு நீராவிக்கான பி91 எஃகு உடல் கொண்ட வால்வுகளில் ஸ்டெல்லைட் 6-ஐ நேராகப் பூசுவது ஆபத்து. இரும்பு கலந்த முதல் அடுக்கு நெடுநாள் சூட்டில் நொறுங்கும் கட்டங்களாக மாறி, பூச்சு தகடு தகடாகக் கழன்று டர்பைன் பக்கம் போகும். இடையில் நிக்கல் கலவை பட்டரிங் (இடை அடுக்கு வெல்டிங்) போட்டு, அதன் மேல் பூசுவதே பாதுகாப்பு.

பேஸ்ட் தடவித் தேய்த்து மட்டமாக்கும் லேப்பிங்கில் 410 சீக்கிரம் மட்டத்துக்கு வரும். ஸ்டெல்லைட்டுக்குப் போரான் கார்பைடு பேஸ்ட்டும் பொறுமையும் வேண்டும். இரண்டிலும் புளூ (நீல மை) தடவி, முழு வட்டமும் பதிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

விலையைத் தவிர இரும்பு அடிப்படைக் கலவை முந்தும் இடம் அணுமின் நிலையம். தேய்ந்து உதிரும் கோபால்ட்-59 நியூட்ரான் பட்டு, 5.27 ஆண்டு அரை ஆயுள் கொண்ட கோபால்ட்-60 ஆகி, பராமரிப்பு ஆட்களுக்குக் கதிர்வீச்சைக் கூட்டுகிறது. அதற்கென்றே இரும்பு அடிப்படையில் நோரெம் கலவை வந்தது. அறை வெப்பத்தில் ஸ்டெல்லைட்டுக்கு நிகராக வழுக்கும். 200 டிகிரியை நெருங்கினால் பற்றத் தொடங்கும் என்பதால், சூடான லைனில் டிஸ்க்கின் மேல் வரும் அழுத்தத்தைக் கணக்கிட்ட பிறகே அதைப் போட வேண்டும்.